கோயில்ல தாலி கட்டி ஒன்றரை வருஷம் கழிச்சு பொறந்த மூத்தவனுக்கு லார்டு பட்டம் வருமா வராதா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு சொந்த ஊர் பொள்ளாச்சி பக்கம், இங்கிலாந்துல நர்ஸா வேலை பாக்கறேன். வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர், வெள்ளைக்காரர். 2015 தை மாசம் எங்க குலதெய்வம் கோயில்ல தாலி கட்டினார், ஊரைக் கூட்டி சாப்பாடு போட்டோம், ரிஜிஸ்டர் மட்டும் பண்ணல. 2016-ல இங்க மூத்தவன் பொறந்தான். அந்தக் கல்யாணம் செல்லாதுன்னு அப்புறமா ஒரு தெரிஞ்சவர் சொன்னதால 2018-ல இங்கேயே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டோம். 2020-ல சின்னவன். போன மாசம் மாமனார் தவறிட்டார், அவர் ஒரு பாரன், அதாவது லார்டுன்னு கூப்பிடற பரம்பரைப் பட்டக்காரர், இப்போ அந்தப் பட்டம் என் வீட்டுக்காரருக்கு வருது. அவருக்கு அப்புறம் சின்னவன் தான் லார்டு, மூத்தவன் கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்தவன்னு மாமியார் சாப்பாட்டு மேஜையில எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அது நெசமா? மூத்தவன் பேருக்கு வீட்டுக்காரர் உயில் எழுதி வச்சா போதுமா? 4,000 பவுண்டு கட்டினா ராஜாகிட்ட மனு போட்டு மாத்தித் தர்றோம்னு ஒரு கம்பெனி சொல்லுது, நம்பலாமா?

பதில்: மொதல்ல அந்த 4,000 பவுண்டை பத்திரமா பேங்க்லயே வைங்க, அதப்பத்தி கடைசில சொல்றேன். நானும் ஈரோட்டுக்காரன் தான் அம்மணி, மெட்ராஸ் ஹைகோர்ட்ல கொஞ்ச வருஷம் கறுப்பு கோட்டு போட்டுட்டு அப்புறமா இங்க வந்து சாலிசிட்டர் ஆனவன், அதனால உங்க கேள்விய படிச்சதும் ரெண்டு ஊரு சட்டமும் ஒண்ணா மண்டைல ஓட ஆரம்பிச்சிடுச்சு. உங்க மாமியார் சொன்னது பாதி சரி. அந்த மிச்ச பாதில தான் உங்க மூத்தவனோட கேஸே இருக்கு.

இந்த பட்டம்ங்கறது வீடு நிலம் மாதிரி சொத்து கிடையாது, ராஜா என்னைக்கோ ஒரு நாள் எழுதிக் குடுத்த ஒரு காகிதத்துல என்ன வரி இருக்கோ அந்த வரி எப்படி போகச் சொல்லுதோ அப்படித்தான் தலைமுறை தலைமுறையா போகும். அந்தக் காகிதத்துக்கு லெட்டர்ஸ் பேட்டன்ட்னு பேரு. முக்காவாசி பேட்டன்ட்ல ஒரே வாசகம் தான் இருக்கும், மொதல்ல பட்டம் வாங்கினவரோட உடம்புல இருந்து சட்டப்படி பொறந்த ஆண் வாரிசுகள்னு. இதுல 'ஆண்'ங்கற வார்த்தையால பொண்ணுங்க எல்லாம் வெளிய போயிடறாங்க, 'சட்டப்படி பொறந்த'ங்கற வார்த்தையால தான் உங்க மூத்தவன் வாசப்படியில நிக்கறான். ராஜ குடும்பத்துக்கே 2013-ல சட்டம் மாத்தி பொண்ணா இருந்தாலும் மூத்தது தான் வாரிசுன்னு ஆக்கிட்டாங்களேன்னு நிறைய பேர் கேப்பாங்க, அது சிம்மாசனத்துக்கு மட்டும் தான், இந்த பாரன் ஏர்ல் பட்டங்கள அது தொடவே இல்ல. அதனால மொத வேலையா உங்க குடும்பத்து பேட்டன்ட்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. சிலதுல விசேஷமா வேற மாதிரி எழுதியிருப்பாங்க, கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனுக்கு பையன் இல்லாததால பொண்ணுக்குப் போற மாதிரி எழுதி வாங்கினாங்க, 1979-ல அவர் குண்டுவெடிப்புல செத்ததும் மூத்த பொண்ணு கவுன்டஸ் ஆனாங்க. உங்களுது வழக்கமான வாசகம்னு வச்சுக்கிட்டே மேல பேசறேன்.

மாமியார் சொன்ன சரியான பாதி இது. குழந்தை பொறந்த அப்புறம் அப்பா அம்மா கல்யாணம் பண்ணிக்கிட்டா அந்தக் குழந்தை சட்டப்படி ஆன குழந்தையா மாறிடும்னு இங்க 1926-லயே சட்டம் வந்துடுச்சு, இப்போ நடைமுறைல இருக்கறது 1976 லெஜிடிமசி ஆக்ட். சொத்து, உயில், பராமரிப்பு எல்லாத்துக்கும் அது செல்லும். ஆனா பட்டத்துக்கு மட்டும் செல்லாதுன்னு 1926-லயே ஒரு வரிய சொருகி வச்சாங்க, இன்னைக்கு வரைக்கும் அத எடுக்கல. 1987-ல கல்யாணத்துக்குள்ள பொறந்த குழந்தை வெளிய பொறந்த குழந்தைங்கற வித்தியாசத்தையே முக்கால்வாசி ஒழிச்சாங்க, அங்கயும் பட்டத்துக்கு விதிவிலக்கு. தத்துப் பிள்ளைக்கும் அதே கதை தான். பெத்த தாய் தகப்பன் விஷயத்துல இவ்வளவு தூரம் முன்னேறின சட்டம் பட்டம்னு வந்தா மட்டும் பழைய ஜமீன் கணக்குப்பிள்ளை மாதிரி கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கிட்டு பாக்கும். இது உங்க குடும்பத்துக்கு மட்டும் வந்த கொடுமை இல்ல, ராஜாவுக்கு உறவான ஹேர்வுட் ஏர்ல் குடும்பத்துலயே இப்போ இருக்கற ஏர்லோட மொத ரெண்டு பிள்ளைங்க 1979 கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்தவங்க, அதுல மூத்த பையன விட்டுட்டு கல்யாணத்துக்கு அப்புறம் 1980-ல பொறந்த பையன் தான் பட்டத்துக்கு வாரிசு.

ஸ்காட்லாந்து பட்டமா இருந்தா கதை வேற, அங்க பழைய சட்டத்துலயே பின்னாடி நடக்கற கல்யாணம் பிள்ளைய முழுசா சரி பண்ணிடும், பட்டத்துக்கும் சேர்த்து. நீங்க சொல்றத பாத்தா உங்களுது அது இல்ல.

அதாவது 2018 கல்யாணத்த மட்டும் வச்சுப் பாத்தா மூத்தவனுக்கு பட்டம் இல்ல, மாமியார் ஜெயிச்சாங்க. ஆனா உங்களுக்கு 2015-ல ஒரு கல்யாணம் நடந்திருக்கே, அத ஏன் எல்லாரும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஒதுக்கி வைக்கறீங்க?

ரிஜிஸ்டர் பண்ணாததால செல்லாதுன்னு உங்க தெரிஞ்சவர் சொல்லியிருந்தா அது தப்பு. இந்து திருமணச் சட்டம் 1955 படி பதிவு பண்ணாம விட்டதால ஒரு கல்யாணம் செல்லாம போகாது, நம்ம ஊர்ல நம்ம தாத்தா பாட்டி எல்லாம் எந்த ஆபீஸ்ல போய் கையெழுத்து போட்டாங்க? உண்மையான சிக்கல் வேற, அந்தச் சட்டப்படி ரெண்டு பேரும் இந்துவா இருக்கணும். 1967-ல தமிழ்நாட்டுல அண்ணா கொண்டு வந்த சுயமரியாதைத் திருமணப் பிரிவுலயும் அதே தான், ஐயர் வேண்டாம் ஹோமம் வேண்டாம் ஆனா ரெண்டு பேரும் இந்து. ஒரு இந்துவும் ஒரு கிறிஸ்தவரும் அந்தச் சட்டத்துக்குள்ள பண்ணிக்கற கல்யாணம் செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே ஆந்திராவுல இருந்து போன ஒரு கேஸ்ல 2008 கடைசில சொல்லியிருக்கு. மதம் மாறாம பண்ணணும்னா 1954 ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல நோட்டீஸ் குடுத்து பண்ணியிருக்கணும். கல்யாணம் எந்த ஊர்ல நடந்துச்சோ அந்த ஊர் சட்டப்படி சடங்கு சரியா இருக்கான்னு தான் இங்கிலாந்து கோர்ட் பாக்கும், அதனால பொள்ளாச்சி கோயில்ல நடந்தது இந்தியச் சட்டத்துல நிக்கலன்னா இங்கயும் நிக்காது.

இப்போ உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க, நேரா பதில் வாங்குங்க. தாலி கட்டறதுக்கு முன்னாடி அவர் மனசார இந்து ஆயிட்டாரா? பேர் மாத்தினாரா, உங்க அப்பா கோத்திரம் சொல்லி ஏதாவது சடங்கு பண்ணி வச்சாரா, அதுக்கப்புறம் வீட்டுல சாமி கும்புடறாரா, இல்ல கல்யாணத்தன்னைக்கு வேட்டி கட்டி விபூதி பூசினதோட சரியா? ஏன் கேக்கறேன்னா மதம் மாற தனியா சுத்திச் சடங்கு எதுவும் கட்டாயம் இல்ல, உண்மையான எண்ணமும் அதுக்கேத்த நடத்தையும் இருந்தா போதும்னு சுப்ரீம் கோர்ட் 1970-லயே நம்ம தென் தமிழ்நாட்டு கேஸ் ஒண்ணுல சொல்லிடுச்சு, பெருமாள் நாடார் கேஸ்னு பேரு, கிறிஸ்தவப் பொண்ணு ஒருத்தங்க இந்து முறைப்படி கல்யாணம் பண்ணி இந்துவாவே வாழ்ந்தத வச்சு அந்தக் கல்யாணம் செல்லும்னு தீர்ப்பு. உங்க வீட்டுக்காரரும் அப்படி மாறினவர்னா 2015 கல்யாணம் அப்படியே முழுசா செல்லும், மூத்தவன் சட்டப்படி பொறந்தவன், பேச்சு முடிஞ்சது. ஆனா இதுக்காக இப்போ உக்காந்து கதை கட்டாதீங்க. இதெல்லாம் சத்தியப் பிரமாணமா எழுதிக் குடுக்கணும், ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்கு போய்ட்டு நான் 2014-லயே இந்து ஆயிட்டேன்னு எழுதினா பட்டம் போறது மட்டும் இல்ல, ஜெயிலுக்கும் போக நேரும்.

அவர் மாறலன்னு வச்சுக்குவோம், பெரும்பாலும் அதான் நெசமா இருக்கும். அப்போ 2015 கல்யாணம் செல்லாத கல்யாணம். இங்க தான் சட்டம் ஒரு வேடிக்கை பண்ணுது, நான் மொத தடவ படிச்சப்போ ரெண்டு தடவ திருப்பிப் படிச்சேன். அதே 1976 லெஜிடிமசி ஆக்ட்டோட மொத பிரிவு என்ன சொல்லுதுன்னா, செல்லாத கல்யாணத்துல பொறந்த குழந்தையா இருந்தாலும், குழந்தை உண்டான நேரத்துல அப்பா அம்மா ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் இந்தக் கல்யாணம் செல்லும்னு நியாயமா நம்பியிருந்தா அந்தக் குழந்தை சட்டப்படி பொறந்த குழந்தை தான். அப்பாவோட டொமிசைல், அதாவது சட்டம் அவரோட நிரந்தர ஊர்னு எடுத்துக்கற எடம், குழந்தை பொறந்தப்போ இங்கிலாந்து வேல்ஸா இருக்கணும், உங்க விஷயத்துல அதுல சிக்கல் வராது. முக்கியமானது என்னன்னா இந்தப் பிரிவு பட்டத்துக்கும் பொருந்தும். இந்த விதி 1959-ல மொதல்ல வந்தப்போவே இனிமே பொறக்கற பிள்ளைங்களுக்கு பட்டத்துலயும் இது செல்லும்னு சேர்த்து எழுதிட்டாங்க. அதாவது பின்னாடி ஒழுங்கா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணின கல்யாணத்தால பட்டம் கிடைக்காது, ஆனா முன்னாடி நம்பிப் பண்ணின செல்லாத கல்யாணத்தால கிடைக்கும். மாமியார் எந்தக் கோயில் கல்யாணத்த ஒரு டூர் போட்டோ மாதிரி நெனைக்கறாங்களோ அது தான் உங்க பையன் கையில இருக்கற ஒரே துருப்புச்சீட்டு.

இன்னும் ரெண்டு விஷயம் உங்க பக்கம் இருக்கு. சட்டம் தெரியாம தப்பா நம்பினாலும் அது நம்பிக்கை தான்னு 1987-ல சேர்த்துட்டாங்க, இந்து திருமணச் சட்டம் ரெண்டாம் பிரிவு உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும்னு யாரும் கேக்க முடியாது. அதோட அந்தத் திருத்தத்துக்கு அப்புறம் பொறந்த குழந்தைன்னா, ஒருத்தராவது நம்பியிருந்தாங்கன்னு தான் கோர்ட் எடுத்துக்கும், இல்லன்னு சொல்றவங்க தான் நிரூபிக்கணும். உங்க தேதிகளும் நல்லா அமைஞ்சிருக்கு, தாலி 2015 தை, குழந்தை 2016. குழந்தை பொறந்த அப்புறம் அந்தச் செல்லாத கல்யாணம் நடந்திருந்தா இந்தப் பிரிவு உதவாதுன்னு 1990 வாக்குல தீர்ப்பு இருக்கு, உங்களுக்கு அது வராது.

எதிர்ல என்ன சொல்வாங்கன்னும் தெரிஞ்சுக்கணும் இல்லையா. இங்கிலாந்துக்குள்ள சட்ட முறையையே தொடாம ஒரு ஹால்லயோ ஹோட்டல்லயோ மதச் சடங்கு மட்டும் பண்ணினா அது செல்லாத கல்யாணம் கூட இல்ல, கல்யாணமே இல்லன்னு அப்பீல் கோர்ட் 2020-ல அக்தர் கேஸ்ல சொல்லிடுச்சு. அதே கோட்டுல உங்க கோயில் கல்யாணத்தையும் தள்ளிடப் பாப்பாங்க. உங்களுது இந்தியாவுல நடந்தது, அங்க ஒரு கல்யாணம் எப்படி நடக்குமோ அப்படியே நடந்தது, சுப்ரீம் கோர்ட்டும் அந்த மாதிரி கல்யாணத்த செல்லாத கல்யாணம்னு தான் பேசுது, அதனால அக்தர் கேஸ் இதுக்குப் பொருந்தாதுன்னு நான் வாதாடுவேன். ஜெயிக்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா நூத்துக்கு நூறுன்னு எழுதிக் குடுக்க மாட்டேன். இன்னொண்ணு, 2018 ரிஜிஸ்டர்ல நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் ஆகாதவங்கன்னு எழுதியிருப்பீங்க, அத எடுத்து நீட்டுவாங்க. பயப்படாதீங்க, கணக்குல வர்றது 2015, 16-ல என்ன நம்பினீங்கங்கறது, 2018-ல உண்மை தெரிஞ்ச அப்புறம் எழுதினது இல்ல.

அதனால 2016 காலத்து காகிதம் தான் தங்கம். மூத்தவனோட பர்த் சர்டிபிகேட்ட எடுத்து தகவல் குடுத்தவர் கட்டத்த பாருங்க. இங்க கல்யாணம் ஆகாத ஜோடின்னா அப்பா பேர் ஏறணும்னா பொதுவா ரெண்டு பேரும் சேர்ந்து போய் கையெழுத்து போடணும், கல்யாணம் ஆனவங்கன்னா ஒருத்தர் போனா போதும். அதுல ஒருத்தர் கையெழுத்து மட்டும் இருந்தா நீங்க அன்னைக்கு ரிஜிஸ்ட்ரார்கிட்ட கல்யாணம் ஆனவங்கன்னு சொல்லியிருக்கீங்கன்னு அர்த்தம், அத விட நல்ல சாட்சி வேற வேண்டாம். ஆஸ்பத்திரி பதிவுல, வாடகை ஒப்பந்தத்துல, வேலை செய்ற எடத்து பாரத்துல எங்கெல்லாம் மனைவின்னு போட்டீங்களோ எல்லாத்தையும் சேருங்க. ஊர்ல கல்யாணப் பத்திரிகை, போட்டோகிராபர் ஆல்பம், சமையல்காரர் பில்லு, தாலி கட்டி வச்ச பூசாரி, பக்கத்துல நின்ன சித்தப்பா மாமாவோட வாக்குமூலம். எல்லாத்துக்கும் மேல உங்க வீட்டு மொய் நோட்டு. சிரிக்காதீங்க, ஊர்க்காரங்க நூறு இருநூறு பேர் தேதி போட்ட நோட்டுல பணம் எழுதியிருக்காங்கன்னா அது ஒரு ஊரே இத கல்யாணமா நெனச்சதுக்கு ஆதாரம், எந்த இங்கிலீஷ் ஜட்ஜுக்கும் அத நான் புரிய வச்சிடுவேன்.

இத கையில வச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாது. 1986 ஃபேமிலி லா ஆக்ட் 56-ம் பிரிவுல பையன் பேர்ல மனு போட்டு, இவன் அப்பா அம்மாவுக்கு சட்டப்படி பொறந்த பிள்ளைன்னு கோர்ட்ல ஒரு டிக்ளரேஷன் வாங்கிடணும். அது வந்துட்டா அரசரையே கட்டுப்படுத்தும். அதோட பலம் என்னன்னு ஆம்ப்தில் கேஸ்ல பாக்கலாம், 1920-கள்ல ஊரே பேசின விவாகரத்து கேஸ் அது, புருஷன் இது என் பிள்ளையே இல்லன்னு சண்டை போட்டார், கேஸ் அன்னைக்கு கடைசி கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை வரைக்கும் போச்சு, கடைசில 1926-ல பையன் சட்டப்படி பொறந்தவன்னு டிக்ளரேஷன் வாங்கிட்டாங்க. அம்பது வருஷம் கழிச்சு 1976-ல பட்டத்துக்கு இன்னொரு பிள்ளை போட்டிக்கு வந்தப்போ, அந்த டிக்ளரேஷன் முடிஞ்சது முடிஞ்சது தான், ரத்தப் பரிசோதனையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு பிரபுக்கள் சபை கமிட்டி கதவ சாத்திடுச்சு.

அது இல்லாம விட்டா என்ன ஆகும்? 3-ம் பாரன் மொய்னிஹான் பிலிப்பைன்ஸ்ல போய் உக்காந்து அடுத்தடுத்து கல்யாணம் பண்ணி 1991-ல செத்தார், ரெண்டு சின்னப் பசங்க. அதுல ஒருத்தன் டிஎன்ஏ-ல அவர் பிள்ளையே இல்லன்னு ஆச்சு, இன்னொருத்தன் அவர் பிள்ளை தான் ஆனா முந்தின மனைவிய விவாகரத்து பண்ணினதே மோசடின்னு தெரிஞ்சு அந்தக் கல்யாணம் அடிபட்டுது, 1997-ல பட்டம் அவரோட தம்பிக்குப் போச்சு. 2016-ல பிரிவி கவுன்சில் பிரிங்கிள்னு ஒரு ஸ்காட்லாந்து பாரனட் பட்டத்துல பல தலைமுறைக்கு முன்னாடி நடந்ததையே டிஎன்ஏ வச்சு தோண்டி எடுத்து வேற கிளைக்கு மாத்திடுச்சு. நம்ம நாட்டுக் கதையும் ஒண்ணு இருக்கு. வங்காளத்து எஸ்.பி. சின்ஹா 1919-ல ராய்ப்பூர் பாரன் சின்ஹா ஆனார், வாரிசுரிமையோட பிரபு பட்டம் வாங்கின ஒரே இந்தியர். அவர் 1928-ல போனதும் பையனுக்கு உடனே குடுக்கல, இந்து முறைப்படி நடந்த கல்யாணம் பலதார முறைக்கு எடம் குடுக்கற கல்யாணமாச்சே, இது நம்ம கணக்குல கல்யாணமான்னு கேட்டு 1939 வரைக்கும் இழுத்தாங்க. அவங்க பிரம்ம சமாஜத்துல சேர்ந்து ஒரே மனைவி முறைக்கு வந்துட்டாங்கன்னு காட்டின அப்புறம் தான் கமிட்டி ஒத்துக்கிச்சு. நம்ம ஊர் தாலிய இந்த ஊர் கமிட்டி பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கறது உங்களோட ஆரம்பிக்கல.

ஒரு சங்கடம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். இந்த மனுவுல பாதிக்கப்படப் போறது யாரு, உங்க சின்னவன். அவன் பேர் எதிர்மனுதாரரா வரும், மைனர்ங்கறதால அவனுக்காக வேற ஒருத்தர கோர்ட்ல நிறுத்தணும், ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பசங்க காகிதத்துல எதிரெதிரா நிப்பாங்க. கஷ்டமா தான் இருக்கும். ஆனா இப்போ ரெண்டு பேரும் ஒரே லெகோ பெட்டிக்கு தான் சண்டை போடற வயசு, பூசாரியும் சித்தப்பாவும் உயிரோட இருக்காங்க. முப்பது வருஷம் கழிச்சு ரெண்டு மருமகளும் வந்த அப்புறம் இந்தக் கேஸ ஆரம்பிச்சா எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

உயில் கேட்டீங்க. முடியாது. பட்டத்த விக்க முடியாது, எழுதி வைக்க முடியாது, ராஜாகிட்ட திருப்பிக் குடுத்து வேற ஆளுக்கு வாங்க முடியாது, நார்ஃபோக் ஏர்ல் கேஸ்ல அது தீர்ந்த விஷயம். 1963 சட்டப்படி உங்க வீட்டுக்காரர் பட்டத்த வேண்டாம்னு துறக்கலாம், டோனி பென் அப்படித்தான் துறந்துட்டு எம்பி ஆனார், ஆனா அது அவர் உயிரோட இருக்கற வரைக்கும் தான், அப்புறம் யாருக்குப் போகணுமோ அவருக்கே போகும், 2014-ல பென் போனதும் அவர் பையன் வைகவுன்ட் ஆன மாதிரி. வீடு நிலம் காசு வேற கணக்கு, அது யாருக்கு வேணா எழுதலாம், குடும்ப ட்ரஸ்ட்ல மாட்டியிருந்தா மட்டும் அந்த டீட், அதாவது ட்ரஸ்ட் பத்திரத்த, எனக்கு அனுப்புங்க, ஏன்னா பழைய டீட்ல பட்டம் எங்க போகுதோ சொத்தும் அங்கயே போகணும்னு எழுதியிருப்பாங்க. நெசமா சொன்னா பட்டத்த விட இத தான் நீங்க மொதல்ல கவனிக்கணும், பட்டத்த வச்சு இங்க ஒரு பால் பாக்கெட் கூட வாங்க முடியாது, 1999 சட்டத்துக்கு அப்புறம் பட்டம் வந்தாலே பிரபுக்கள் சபைல சீட்டுங்கறதும் இல்ல.

அந்தக் கம்பெனி மனு போட்டு மாத்தித் தர்றது நடக்காத வேலை. ஒரு தடவ குடுத்த பேட்டன்ட்டோட வரிய ராஜாவே நெனச்சாலும் மாத்த முடியாது, பார்லிமென்ட் சட்டம் போடணும். காசு வாங்கிட்டு பட்டம் வாங்கித் தர்றேன்னு சொல்றது பிரதமர் லாயிட் ஜார்ஜ் காலத்துல பட்டங்கள காசுக்கு வித்த கூத்துக்கு அப்புறம் 1925-ல இருந்து குற்றம், மாண்டி கிரிகரினு ஒரு தரகர் 1933-ல அதுக்கு ஜெயிலுக்குப் போனார். பணம் கட்டிட்டீங்கன்னா பேங்க்க கூப்பிட்டு நிறுத்துங்க.

உடனே செய்ய வேண்டியது, உங்க வீட்டுக்காரர் அவரோட பர்த் சர்டிபிகேட், அவங்க அப்பா அம்மா கல்யாண சர்டிபிகேட், மாமனார் இறப்பு சர்டிபிகேட் வச்சு கிரவுன் ஆபீஸ்ல பட்டத்துக்கு விண்ணப்பிச்சு பிரபுக்கள் பட்டியல்ல பேர் ஏத்தணும், பட்டியல்ல இல்லாதவர அரசு காகிதம் எதுவும் லார்டுன்னு கூப்பிடாது. அப்போ பிள்ளைங்க விவரம் எங்கயாவது எழுத வேண்டி வந்தா மூத்தவன பத்தி ஒரு வார்த்தை எழுதறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணுங்க. பட்டக்காரங்க குடும்ப விவரம் போடற டெப்ரெட் புத்தகத்துக்காரங்க பாரம் அனுப்பினாலும் அப்படியே வைங்க, அது தனியார் போடற புத்தகம், சட்டம் இல்ல, ஆனா அதுல நீங்களே சின்னவன வாரிசுன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு அத காட்டி கேள்வி கேப்பாங்க.

மாமியார்கிட்ட இப்போதைக்கு எதுவும் வாதாட வேண்டாம். உங்க அம்மாவுக்கு போன் பண்ணி அந்த மொய் நோட்டு எந்த பீரோவுல இருக்குன்னு கேளுங்க, அட்டையில இருந்து கடைசி பக்கம் வரைக்கும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ஒரிஜினல் அங்கயே இருக்கட்டும், யாரும் அதுல புதுசா ஒரு எழுத்து கூட எழுதிடக் கூடாது.